துடக்குக் காக்காத வீடு

18.05.2024, சனி

காலையில் தலை தோய்ந்து, விளக்கேற்றி, தேவாரம் பாடினேன். மதியத்துக்குக் கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, வல்லாரைச் சம்பல். பிறந்தநாள் வீடொன்றுக்கு ரோல்ஸ் ஓடர். மச்சாள் உள்ளுக்கு வைக்கும் கறியைக் காய்ச்ச, நான் உருட்டிப் பொரித்தேன். வரவு செலவு கொப்பியின் முன்பக்கத்தில் எழுதியாயிற்று. பின்பக்கத்தில் இதையும் எழுதி வைக்கிறேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டப் படித்திருக்கிறான் என் மகன் எழிலன். என்றைக்காவது வாசிப்பான்.

இன்று மண்டபத்தில் முள்ளிவாய்க்கால் நினைவு நாள். மச்சாளின் கணவர் சற்குணம் அண்ணை வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"தவம், நீங்களும் வாங்கோவன். எல்லாருக்குமாய் ஏத்திற சுடர்தானே."

நான் வாய் திறக்கமுன் அடுப்படியிலிருந்து மச்சாளின் குரல் வந்தது.

"எல்லாருக்கும் ஏத்தட்டும். என்ரை தம்பி உயிரோட இருக்கேக்க அவன்ரை பெண்சாதி போய்ச் சுடர் ஏத்தினால், அது அவனுக்குக் கொள்ளி வைக்கிற மாதிரி. இந்த வீட்டில அது நடவாது."

அண்ணை சப்பாத்தைக் கட்டிக்கொண்டு தனியே போனார்.

மச்சாள் எழிலனுடைய அப்பாவின் அக்கா. பதினைந்து வருடத்துக்கு முன் இதே மாதம், கடனீரேரியைத் தாண்டி வந்த இடத்தில், ஆமிக்காரர் ஆண்களைத் தனியே வரச்சொன்னார்கள். கைக்குழந்தையாய் இருந்த எழிலனின் துணிப்பையை என் தோளில் மாட்டிவிட்டு அவர் அந்த வரிசையில் போனார். அதன்பிறகு சேதி இல்லை. முள்ளுக்கம்பி முகாமில் கிடந்த எங்களைத் தேடிப் பிடித்து, காசு கட்டி டொச் நாட்டுக்கு, ஹனோவருக்கு எடுத்தது மச்சாள். மேல்மாடியில் எங்களுக்கு ஓர் அறை தந்திருக்கிறார். அவருடைய உப்பைத்தான் தின்கிறோம்.

மச்சாள் இந்த வீட்டை விற்கமாட்டார். வயர் வைத்த பழைய தொலைபேசியையும் நிறுத்தமாட்டார். அந்த இலக்கம் தம்பிக்கு மனப்பாடம்.

27.05.2024, திங்கள்

மழை. தொலைபேசி இரண்டு தடவை அடித்தது. இரண்டு தடவையும் மச்சாள் மாக் கையோடு ஓடினார். இரண்டும் விளம்பரம்.

04.06.2024, செவ்வாய்

விரதம். ஒருநேரச் சாப்பாடு.

எழிலன் பள்ளிக்கூடத்தால் வந்து அடுப்படிக் கதவில் சாய்ந்துகொண்டு நின்றான். அடுத்த கிழமை வகுப்போடு பெர்கன்-பெல்சனுக்குப் போகிறார்களாம். ஹிட்லர் காலத்து வதைமுகாம் இருந்த இடம். கூடப்போக இரண்டு பெற்றோர் வேண்டுமாம்.

"அம்மா, நீங்கள் வாறியளோ?"

பெற்றோர் கூட்டத்துக்கே 'நீங்கள் வரத்தேவையில்லை' என்று சொல்லுகிற பிள்ளை. எனக்குக் கை நின்றுவிட்டது.

"எனக்கு என்ன பாசை தெரியும் ராசா?"

"சுப்பர்மார்க்கெற் விளம்பரத்தைப் பாத்துப் பாத்துப் படிச்சனீங்கள்தானே. தக்காளி, வெங்காயம், தள்ளுபடி. அது காணும்." சிரித்தான். பிறகு சிரிப்பை நிற்பாட்டினான். "நீங்களும் ஒரு முகாமில இருந்தனீங்கள். ஒருநாளும் எனக்குச் சொல்லேல்லை."

உரிக்க வெங்காயம் நிறையக் கிடந்தது. உரித்தேன்.

13.06.2024, வியாழன்

தலைமயிர் இன்னும் காயவில்லை.

வேலி, அறைகள், கூரைகள் எல்லாம் இருக்குமென்று நினைத்துக்கொண்டுதான் பஸ்ஸால் இறங்கினேன். ஒன்றும் இல்லை. காய்ச்சல் பரவியதால் குடில்களையெல்லாம் அந்தக் காலத்திலேயே எரித்துவிட்டார்களாம். இப்போது பரந்த வெளி. ஓரத்தில் பைன் மரங்கள். எங்கேயோ மேலே நின்றுகொண்டு ஒரு சின்னக் குருவி மூச்சு விடாமல் பாடியது. வெளியின் நடுவே நீள நீளமாகப் புல் மூடிய மேடுகள். மேட்டின் முகப்பில் கல்லெழுத்து. கூட்டிக் கூட்டி வாசித்தேன். இங்கே ஆயிரம் பேர். இங்கே இரண்டாயிரத்து ஐந்நூறு பேர். இங்கே ஐயாயிரம் பேர்.

அங்கே வேலைசெய்கிற வீப்கே என்ற பெண்பிள்ளை கூட்டிக்கொண்டு போய் விளங்கப்படுத்தினாள். முப்பது வயது இருக்கும்.

"ஆர் எண்ணினது எண்டு கேள்" என்றேன் எழிலனிடம்.

"அம்மா, சும்மா வாங்கோ."

"கேளடா."

கேட்டான். ஒருவரும் எண்ணவில்லை, எண்ண முடியவில்லை என்று அவள் சொன்னாள். நான் கணக்கெழுதுகிறவள். கடைசியில் சில்லறை வராத கணக்கைக் கண்டால் எனக்கு ஐமிச்சம். இந்த ஆயிரங்களுக்காக எத்தனை பேரைத் தள்ளிவிட்டார்களோ, எத்தனை பேரைச் சேர்த்தார்களோ.

அந்த இடத்தில் சப்பாத்தோடு நிற்க மனம் வரவில்லை. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். வகுப்புப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். எழிலனுக்குக் காது சிவந்தது. "போடுங்கோ அம்மா, எல்லாரும் பாக்கினம்." ஈரப்புல் பாதத்தில் பட்டது. நான் போடவில்லை.

மேடுகளுக்கு இடையில் தனித்தனியாய்ச் சில கற்கள் நின்றன. பெயர் வெட்டிய கற்கள். மேலே கூழாங்கற்களை அடுக்கியிருந்தார்கள். கீழே ஆள் இல்லை என்று வீப்கே சொன்னாள். எந்த மேட்டுக்குள் தங்கள் ஆள் என்று தெரியாத குடும்பங்கள் பின்னாளில் வந்து, தாங்களே ஓரிடம் பார்த்து நட்டவை. ஒரு கல்லில் பிறந்த நாள் முழுதாக இருந்தது. இறந்ததற்கு வருடம் மட்டும்.

"நாள் தெரியாமல் எப்பிடித் திவசம் குடுக்கினம்?"

திவசத்துக்கு எழிலனுக்கு டொச் மொழியில் சொல் வரவில்லை. ஏதோ சுற்றி வளைத்துக் கேட்டான். அவர்களே ஒரு நாளைத் தெரிந்தெடுப்பார்கள் என்றாள் அவள்.

"செத்திட்டார் எண்டு அவைக்கு ஆர் சொன்னது?"

அவள் என் கையிலிருந்த சப்பாத்தைப் பார்த்தாள். பிறகு எழிலனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே, எனக்கு விளங்குகிற மாதிரி மெல்லமெல்லச் சொன்னாள். ஒருவரும் சொல்லவில்லை. காத்திருந்தார்கள். பிறகு தாங்களே சொன்னார்கள்.

உள்ளே கண்காட்சியில் ஒரு படம். கம்பிவேலியில் துணி காயப்போட்டிருக்கிறது. "நாங்களும் இப்பிடித்தான் காயப்போட்டனாங்கள். உன்ரை சட்டையெல்லாம் முள்ளில கொழுவிக் கிழியும்" என்று வாயில் வந்துவிட்டது. அதுவும் இதுவும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு நடந்ததை வாசித்து முடிக்கவே எனக்குப் பெலன் இல்லை. ஆனால் ஈரத்துணி காய்கிற விதம் ஒன்றுதான். எழிலன் அந்தப் படத்தின் முன்னால் வகுப்பு போனபிறகும் நின்றான்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தோம். வாசற்படியில் என் கால் ஏறவில்லை. சுடலைக்குப் போனவர்கள் துடக்குத் தீட்டுக் கழியத் தோயாமல் வீட்டுக்குள் கால் வைப்பதில்லை. இத்தனை ஆயிரம் பேரின் சுடலை. "பின்பக்கத்தால வா" என்று எழிலனைக் கூட்டிக்கொண்டு போய், தக்காளிக்குத் தண்ணீர் விடுகிற குழாயைத் திறந்து அவன் தலையில் பிடித்தேன். அவன் தானாகக் குனிந்து தலையைத் தந்தான். பிறகு குழாயை வாங்கி என் தலையில் பிடித்தான். வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் கிழவி, "ஏதும் உதவி வேணுமா?" என்று டொச்சில் கேட்டார்.

மச்சாள் எண்ணெய்க் கரண்டியோடு வெளியே வந்தார்.

"என்ன கூத்து இது? ஆரின்ரை செத்தவீட்டுக்குப் போட்டு வாறியள்?"

"பள்ளிக்கூடத்தால போன இடம் மச்சாள். சவக்காலை மாதிரி ஒரு இடம்."

"அங்க எங்கட ஆக்கள் ஆர் கிடக்கினம்? ஊரான் சாவுக்கு எங்களுக்கு என்ன துடக்கு?"

எழிலனின் தலையிலிருந்து தண்ணீர் வடிந்தது. "ஊரானுக்கு இல்லை மாமி. அப்பாக்கு" என்றான்.

கரண்டியிலிருந்து எண்ணெய் சொட்டியது. மச்சாள் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். என் நெற்றியை. குழாய்த் தண்ணீரில் பொட்டு கழுவுப்பட்டிருந்தது. உள்ளே போய்க் குங்குமச் செப்பை எடுத்துவந்து, ஈர நெற்றியில் பெருவிரலால் அழுத்தி வைத்தார். அது கரைந்து மூக்கு வழியே ஓடியது.

"வெறும் நெத்தியோட என்ரை வீட்டுக்குள்ள வராதை."

14.06.2024, வெள்ளி

மச்சாள் கதைக்கவில்லை. கோயிலுக்கும் போகவில்லை. நூறு ரோல்ஸ் பொரித்தேன். இரண்டு வெடித்தது.

23.06.2024, ஞாயிறு

பள்ளிக்கூட விடுமுறை நாளை தொடங்குகிறது. சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இருக்கும்போது எழிலன் சொன்னான், இந்த முறை ஆடி அமாவாசைக்குத் தான் விரதம் இருக்கப்போகிறானாம்.

ஆடி அமாவாசை விரதம் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு உரியது. தகப்பன் இருக்கிறவன் பிடித்தால் அது தகப்பனைச் சாகடிக்கிறதற்குச் சமன். எங்கள் வீட்டில் அந்த விரதத்தை மச்சாள் பிடிக்கிறார், காலமான தன் அப்பாவுக்காக. "ஆம்பிளைப் பிள்ளை பிடிக்கவேண்டியது. தம்பி வருமட்டும் அவனுக்குப் பதிலாய் நான் பிடிக்கிறன்" என்று வருடா வருடம் சொல்லுவார். அவருக்கென்று ஒரு இலை போட்டுப் படைப்போம்.

மச்சாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"பிடி. பிடிச்சுப்போட்டுத் தாயும் மகனும் உங்கட பாட்டில வேற வீடு பாருங்கோ."

"பிள்ளை கேக்கிறதில என்ன பிழை..." என்று சற்குணம் அண்ணை தொடங்கினார்.

"நீங்கள் சாப்பிடுங்கோ."

அண்ணை சாப்பிட்டார்.

எழிலனுக்குக் குரல் உடைகிற வயது. கீச்சென்று வந்தது. "வகுப்பில அப்பா எங்க எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது மாமி? இருக்கிறார் எண்டும் சொல்லேலாது, இல்லை எண்டும் சொல்லேலாது. ரெண்டுக்கும் நடுவில என்னை ஏன் நிப்பாட்டி வைச்சிருக்கிறியள்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரசம் ஆறுகிறது, சூடாக்கிக்கொண்டு வருகிறேன் என்று எழும்பினேன்.

09.07.2024, செவ்வாய்

வாடகை வீடுகளைச் சற்குணம் அண்ணையின் கணினியில் பார்த்தேன். பார்க்கிறதற்குச் செலவில்லை.

ஒன்றை எழிலன் அறிய எழுதுகிறேன். பஞ்சாங்கத்தின் பின்னால் சாத்திர விதிகள் போட்டிருப்பார்கள். காணாமல் போனவருக்குப் பன்னிரண்டு வருடம் பார்க்கவேண்டும், பிறகு தர்ப்பையால் உருவம் செய்து கிரியை செய்யலாம், நாள் தெரியாதவருக்கு அமாவாசையைக் கொள்ளலாம் என்று இருக்கிறது. பன்னிரண்டு கழிந்து மூன்று வருடம். அந்தப் பக்கத்தின் மூலை மடிந்திருக்கிறது. புதுப் பஞ்சாங்கம் வாங்குகிற ஒவ்வொரு வருடமும் எப்படியோ அது மடிந்துவிடுகிறது.

19.07.2024, வெள்ளி

கோயிலில் ஐயரைத் தனியாகப் பிடிக்க முடியவில்லை, அவரைச் சுற்றி எப்போதும் சனம். வீட்டுக்கு வந்து எடுப்போமென்றால் என் கைத்தொலைபேசியில் காசு முடிந்திருந்தது. மச்சாள் கடைக்குப் போயிருந்தார். வயர்த் தொலைபேசியில் எடுத்தேன். அதில் நாங்கள் கதைப்பதில்லை. லைன் எந்த நேரமும் சும்மா இருக்கவேண்டும் என்பது மச்சாளின் சட்டம். காது கொஞ்சம் மந்தமானதால் ஒலியைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு விசயத்தைச் சொன்னேன்.

"செய்யலாம் பிள்ளை" என்றார் ஐயர். "உருவம் செய்து செய்யிற கிரியையை ஆற அமரப் பாப்பம். இந்த அமாவாசைக்குப் பெடியன் வந்து எள்ளும் தண்ணியும் இறைக்கட்டும்."

பின்னால் பை விழுந்த சத்தம். லீக்ஸும் உருளைக்கிழங்கும் நிலத்தில் உருண்டன. மச்சாள் வந்து ரிசீவரை என் கையிலிருந்து வாங்கினார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"ஐயா, புவனேஸ்வரி கதைக்கிறன். கிரியையெல்லாம் செய்துபோட்டு, பிறகு அவன் வந்து நிண்டால்?"

ஐயர் சிரிப்பில்லாத, கோபமும் இல்லாத குரலில் சொன்னார்.

"அதுக்கும் விதி இருக்கம்மா. வந்தவரை நெய்யில தோய வாத்து, புதுசாய்ப் பிறந்த பிள்ளை மாதிரிப் பிறப்புச் சடங்கிலயிருந்து எல்லாத்தையும் திரும்பச் செய்யிறது. பேர் வைக்கிறது. பூணூல் போடுறவை எண்டால் பூணூல். கடைசியில அதே பெண்சாதிக்கு அவர் திரும்பத் தாலி கட்டுறது. சாத்திரம் கதவைப் பூட்டிப்போட்டுச் சொல்லேல்லை."

"திரும்பக் கலியாணமோ?"

"ஓம்."

மச்சாள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "முதல் கலியாணம் சண்டைக்குள்ள நடந்தது ஐயா. நான் வரேல்லை" என்றார். பிறகு அதை வைத்துவிட்டு, குனிந்து உருளைக்கிழங்கைப் பொறுக்கினார். நானும் பொறுக்கினேன். ஒன்று சோபாவுக்குக் கீழே போய்விட்டது. அதை எடுக்க இரண்டு பேருக்கும் அவ்வளவு குனிய முடியவில்லை.

31.07.2024, புதன்

தமிழ்க் கடைக்குக் காத்தோட்டிக்காய் வந்துவிட்டது. ஆடி அமாவாசைக்கென்று இந்தக் கிழமை மட்டும் விமானத்தில் வருகிற காய். கடும் கைப்பு. விரதக் கறிகளில் அது இல்லாவிட்டால் படையல் படையல் இல்லை. மச்சாள் வழக்கம்போல ஒரு சின்னப் பை எடுத்தார். காசு கட்டுகிற இடம்வரை போனார். திரும்பி வந்து இன்னொரு பை எடுத்தார்.

பைகளை நான் தூக்கினேன்.

வீட்டு வாசலில், திறப்பைத் தேடிக்கொண்டு, எழிலனிடம் கேட்டார், "நீ சொன்னியே, அந்தக் கல்லு நட்ட சனம், ஆள் வந்தால் என்ன செய்யிறதாம்?"

"வந்தால் கல்லைக் கழட்டலாம் மாமி" என்றான் அவன்.

04.08.2024, ஞாயிறு, ஆடி அமாவாசை

விடியத் தோய்ந்து கோயிலுக்குப் போனோம். தகப்பனில்லாத ஆண்கள் வரிசையாய் நிலத்தில் இருந்தார்கள். எழிலன் வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி கடைசியில் இருந்தான். அந்த வரிசையில் அவன்தான் சின்னவன். ஐயர் ஒவ்வொருவராகத் தகப்பன் பெயர் கேட்டு வந்தார். நான் பெண்கள் பக்கத்தில் தூணோடு நின்றேன். எழிலனின் முறை வந்தபோது எல்லாச் சத்தமும் கேட்டது, குழந்தை ஒன்று அழுதது, யாரோ இருமினார்கள், வெளியே கார்க்கதவு அடித்தது.

"குகதாசன்" என்றான்.

இந்தக் கொப்பியில் அந்தப் பெயரை நான் இன்றுதான் எழுதுகிறேன். பெண்சாதி புருசனின் பெயரைச் சொல்லக்கூடாது. எழுதலாமோ என்று பஞ்சாங்கத்தில் இல்லை.

வீட்டுக்கு வந்து சமைத்தேன். பூசணிக்காய், வாழைக்காய், பயற்றங்காய், கீரை, பருப்பு, பாயசம், வடை, காத்தோட்டிக்காய்ப் பொரியல். மச்சாளின் அப்பாவுக்கு ஓர் இலை போட்டேன். கையில் மற்ற இலை இருந்தது. போடவில்லை. வைத்துக்கொண்டு நின்றேன். மச்சாள் கதிரையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது காணாது" என்றார்.

"என்ன மச்சாள்?"

"அந்த இலை. பெரிய இலையாய்ப் பாத்துப் போடு. அவன் சின்ன இலையில சாப்பிடான்."

எழிலன் ஓடிப்போய்க் கட்டைப் பிரித்துப் பெரியதொன்றைக் கொண்டுவந்தான். அப்பாவின் இலைக்குப் பக்கத்தில் மகனின் இலை. நான் பரிமாற, மச்சாள் ஒவ்வொன்றாகச் சொன்னார். வடை ரெண்டு வை. பாயசம் வழிய விடு. காத்தோட்டிக்காயை எடுத்தபோது, "அதை வையாதை. அவனுக்குக் கைப்பு ஆகாது" என்றார். சொல்லிவிட்டு சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

விதி விதிதான். மச்சாள் கண்ணைத் துடைக்கிற நேரம் பார்த்துச் சோற்றுக்கு அடியில் ஒரு சின்னத் துண்டை வைத்தேன். எழிலனின் அப்பாவுக்கு முன்பும் இப்படித்தான் ஒளிப்பேன். கண்டுபிடித்துவிடுவார்.

காகத்துக்குச் சோற்றை எழிலன் கராஜ் கூரையில் வைத்தான். வந்தது கறுப்பும் வெள்ளையுமான ஒரு நீளவால் பறவை. "காகம் இல்லையே" என்று அவன் சொல்ல, சற்குணம் அண்ணை, "டொச் நாட்டில இருந்துகொண்டு நிறம் பாக்காதை. பசியோட வந்திருக்கு" என்றார். மச்சாள்கூடச் சிரித்தார்.

இன்றிலிருந்து பொட்டு வைப்பதா விடுவதா என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

05.08.2024, திங்கள்

பள்ளிக்கூடம் தொடங்கியது. எழிலனுக்கு மிஞ்சிய வடை இரண்டு கட்டிக் கொடுத்தேன். அலுவலகம் ஒன்றுக்கு ரோல்ஸ் ஓடர். மச்சாளும் நானும் அடுப்படியில்.

பதினொரு மணிபோல வயர்த் தொலைபேசி அடித்தது. மச்சாள் தலையை நிமிர்த்தினார். பிறகு குனிந்து, உருட்டிக்கொண்டிருந்த ரோலின் ஓரத்தை மாப்பசை பூசி ஒட்டினார். அது அடித்துக்கொண்டே இருந்தது.

மாக் கையோடு ஓடிப்போய் எடுத்தது நான்.

விளம்பரம்.